நான்கு கையெழுத்தும் ஒரு வரியும்

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்து, வந்த நொடியிலிருந்து கடிகாரத்தையே சிறப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பெயர்ப் பதிவு மையத்தின் இயக்குநர் அவர்களே, மேடையில் இடம் கிடைத்த பெரியோர்களே, இடம் கிடைக்காமல் என்மேல் வருத்தமாக இருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்ட புத்திசாலிகளே, நான் எந்த இடத்தில் உளறினாலும் அந்த இடத்தில் ஒலியைக் குறைத்துக் காப்பாற்றப்போகும் ஒலிபெருக்கிக்காரரே, உங்கள் அனைவரையும் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் துணைத்தலைவனாகிய நான் வணங்கி வரவேற்கிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் பதினொன்று வரை படித்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் நான். தொழில் மெக்கானிக். என்ன மெக்கானிக் என்று கேட்காதீர்கள். எது கெட்டுப்போகிறதோ அதற்கு மெக்கானிக்.

தொடங்கும் முன் என் மானக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் முதல் வரிசையில் இருக்கிற என் மனைவி சொல்லிவிடுவாள்.

போன மாதம் வேலைக்குப் போன இடத்தில் குனிந்தேன். சட்டைப்பையிலிருந்த கைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் கடைக்கார அம்மாவிடம் போய், "ஒரு போன் பண்ணிக்கிறேம்மா" என்று கேட்டு அவர் கைபேசியை வாங்கினேன். வாங்கினவன் கட்டைவிரலை நீட்டியபடி நிற்கிறேன், நிற்கிறேன், நின்றுகொண்டே இருக்கிறேன்.

"யாருக்குங்க பண்ணணும்?"

"வீட்டுக்கு."

"நம்பர் சொல்லுங்க, நானே போட்டுத் தரேன்."

"அதாம்மா தெரியலை."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீடாவது எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். மனைவியின் எண் தெரியவில்லை. என் கைபேசியில் அவள் பெயரை அழுத்துவேன், அவள் பேசுவாள். நடுவில் எண் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "பேராவது ஞாபகம் இருக்கே, அது போதும்" என்றாள்.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின், உங்களில் எத்தனை பேருக்கு மனைவியின் எண் தெரியும் என்று கை தூக்குங்கள் பார்ப்போம். ஏன் இந்த மௌனம்? தாய்மார்களே, நன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் தொங்கும் துணியில் எழுதியிருக்கிறதே, "இணையப் பெயர் அமைப்பைத் தாக்குதலிலிருந்து காப்போம்" என்று, அந்தச் சங்கதி முழுவதும் இந்த வாளிக்குள் இருக்கிறது. இணையத்தில் எந்த இடத்துக்கும் உண்மையில் பெயர் கிடையாது. எண்தான் உண்டு. வங்கியின் பெயரை அடிக்கிறோம், மருத்துவமனையின் பெயரை அடிக்கிறோம், பள்ளிக்கூடத்தின் பெயரை அடிக்கிறோம். அந்தப் பெயருக்கு இந்த எண் என்று எடுத்துச் சொல்ல ஓரிடம் வேண்டாமா? உண்டு. டி.என்.எஸ். என்று மூன்றெழுத்தில் அதைச் சொல்கிறார்கள். நம் பெயர்களையெல்லாம் வைத்துக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் எண் சொல்லும் அந்த இடத்தைத்தான் இயக்குநர் ஐயாவின் மையம் நடத்துகிறது.

பின்வரிசையில் ஒருவர் புரியவில்லை என்கிறார். கவலைப்படாதீர்கள் ஐயா, எனக்கும் நாளாயிற்று. என் மகள் அங்கே பொறியாளராகச் சேர்ந்த அன்று கேட்டேன்.

"என்னம்மா வேலை அங்க?"

"பேரைச் சொன்னா நம்பர் சொல்ற வேலைப்பா."

"இதுக்கா நாலு வருஷம் படிச்சே?"

"நொடிக்கு லட்சம் பேர் கேப்பாங்கப்பா."

"ஒரு நாள் சொல்லலைன்னா?"

"ரோடு இருக்கும், வீடு இருக்கும், வீட்டுக்குள்ள ஆளும் இருக்கும். யாரும் யார் வீட்டுக்கும் போய்ச் சேர முடியாது."

அந்த மகள் ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறாள். பணி இடைநீக்கம். வரும் திங்கட்கிழமை இறுதி ஆணை வருகிறது. வேலை உண்டா இல்லையா என்பது அன்று தெரியும். ஆணையில் கையெழுத்திட வேண்டியவர் எனக்கு இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். ஐயா, பயப்படாதீர்கள். நான் கெஞ்சுவதற்கு வரவில்லை. கதை சொல்லத்தான் வந்தேன்.

போன வருடம் ஒரு வேலைநாள். காலை ஒன்பது நாற்பது. அன்று என்ன நடந்தது?

விசாரணை ஜன்னல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே ஒரு குமாஸ்தா. முன்னால் ஒரு பேரேடு. ஒருவன் வந்து இல்லாத ஒரு பெயரைச் சொல்லி எண் கேட்கிறான். குமாஸ்தா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடி, "அப்படி யாரும் இல்லைங்க" என்கிறார். அடுத்தவன் வருகிறான், இன்னோர் இல்லாத பெயர். அடுத்தவன், அடுத்தவன், அடுத்தவன். ஒரே நொடியில் கோடிப் பேர் கோடி இல்லாத பெயர்களோடு ஜன்னலை மொய்க்கிறார்கள். இருக்கிற பெயரைக் கேட்க வந்த ஏழை என்ன செய்வான்? வரிசையின் வால் எங்கே என்றே அவனுக்குத் தெரியாது. கத்தி இல்லை, கன்னக்கோல் இல்லை, கதவை யாரும் உடைக்கவில்லை. கேள்வி கேட்டே கொன்றார்கள்.

இரண்டாவது வரிசையில் எங்கள் எதிர்வீட்டு வாத்தியார் இருக்கிறார். வாரம் மூன்று முறை மருத்துவமனையில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டால்தான் அவர் உடம்பு ஓடும். அன்று அவருடைய முறை. மருத்துவமனை ஜன்னலில் இருந்த பெண் சொல்லியிருக்கிறாள், "சார், உங்க பேர் வரலை."

"நானே வந்திருக்கேனேம்மா."

"நீங்க வந்திருக்கீங்க சார். உங்க பேர் வரணுமே."

ஆள் நிற்கிறார், பெயர் வரவில்லை. எந்த இயந்திரம், எத்தனை மணி நேரம், எந்த மருந்து எவ்வளவு, எல்லாம் எங்கோ ஒரு கணினியில் பத்திரமாக இருக்கிறது. அங்கே போகும் வழிதான் இல்லை. ஆறு மணி நேரம் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீங்கிய காலைப் பெஞ்சில் தூக்கி வைத்ததற்குக் காவலாளி அதட்டியிருக்கிறான். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்துதான் வீடு திரும்பினார். வாத்தியாரே, எழுந்திருக்க வேண்டாம். உட்கார்ந்தபடியே கையை அசையுங்கள், போதும். எத்தனையோ பேருக்கு ஒரு காலத்தில் வருகைப்பதிவு எடுத்தவரய்யா அவர். அவருக்கே அன்று "வரவில்லை" என்று போட்டார்கள்.

தாக்கியவன் யார்? தெரியாது. எந்த ஊர்? தெரியாது. ஆனால் அந்தக் கோடிப் பேர் யார் என்பது தெரிந்துவிட்டது. மனிதர்கள் இல்லை. வீட்டுக் கேமராக்கள், வீட்டு இணையப் பெட்டிகள், கடைவாசலில் மாட்டியிருக்கும் கண்கள். வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லை மாற்றாத சோம்பேறி வீடுகளின் சாமான்கள். எவனோ உள்ளே புகுந்து அத்தனையையும் ஒரே நேரத்தில் ஏவிவிட்டிருக்கிறான். ஒரு வாரம் கழித்து என் மகள் ஒரு பட்டியலோடு வந்தாள்.

"அப்பா, நம்ம வீட்டுக் கேமராவும் இதுல இருக்கு."

"அது வாசலைத்தானேம்மா பார்த்துக்கிட்டிருந்துச்சு?"

"வாசலைப் பார்த்துக்கிட்டே என் ஆபீஸ் மேல கல்லெறிஞ்சிருக்கு."

கடவுச்சொல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வைத்தவன் இந்த மெக்கானிக். நானே உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கம் ஒருவர் ரொம்பத்தான் சிரிக்கிறார். அண்ணே, உங்களுடையது ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. மாட்டித் தந்தவனே நான்தானே.

சரி, வெள்ளம் வந்தது. வெள்ளம் வரத்தான் செய்யும். உலகத்தில் கெட்டவன் இருக்கிறான் என்பது நேற்றுத் தெரிந்த செய்தியா? அணை எங்கே என்பதுதானே கேள்வி?

அணை இருந்தது. அதுதான் கொடுமை. ஊரின் மறுகோடியில் இரண்டாவது நிலையம் என்று ஒரு கட்டடம் உண்டு. முதல் நிலையம் மூச்சுத் திணறினால் இரண்டாவது நிலையம் பாரத்தை ஏற்க வேண்டும். அதற்குத் தனி மின்சாரம், தனி இணைப்பு, தனி இயந்திரம். ஏட்டில் பார்த்தால் கண் நிறைந்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் என்றைக்குக் கறிக்கு உதவியது?

அன்று முதல் நிலையம் திணறியதும் இரண்டாவது நிலையம் எழுந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், எழுந்தது. ஊர் முழுவதும் கேட்ட கேள்விகளை ஒண்டியாய் நின்று தாங்கியது. எவ்வளவு நேரம்? ஒரு நாளா? ஒரு மணி நேரமா? பதினோரு நிமிடம். பதினோராவது நிமிடம் சூடேறி, தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அந்த அறை பூட்டிய அறை. ஜன்னல் இல்லாத அறை. மாதக்கணக்கில் யாரும் எட்டிப்பார்க்காத அறை.

என் மகள் ஓடினாள். போய்க் கதவைத் திறந்தால் அனல். உள்ளே நிற்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு தையல்கடை. ஓடிப்போய், "அண்ணே, உங்க ஃபேனை ஒரு நாள் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

"எதுக்கும்மா?"

"நாட்டுக்கண்ணே."

தையல்காரர் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு ஸ்டாண்டு விசிறி, ஒரு மேசை விசிறி. தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். கதவை அகலத் திறந்து, விசிறிகளை எதிரெதிரே நிறுத்தி, அறையை ஆற்றி, இயந்திரத்தை எழுப்பி, மறுபக்கம் இணைப்புக் கம்பெனிக்காரர்களைத் தொலைபேசியிலேயே பிடித்து வைத்து, எது பொய்க்கேள்வி எது மெய்க்கேள்வி என்று சலித்துச் சலித்துத் தள்ளவைத்து, மாலை நான்கு மணிக்கு அவள் பெயர்களை மீட்டாள். நம் பெயர்களை. உங்கள் பெயரை, என் பெயரை, வாத்தியாரின் பெயரை. அன்று ஊரைத் தூக்கி நிறுத்தியவை தையல்கடை விசிறிகள்.

குற்றப்பத்திரிகையில் அதுவும் ஒரு குற்றமாக இருக்கிறது. "அனுமதியின்றி வெளியார் பொருளைப் பாதுகாக்கப்பட்ட அறைக்குள் கொண்டுசென்றது." கொண்டுசென்ற பொருள், விசிறி மூன்று.

செயலாளர் சீட்டு அனுப்புகிறார். "இரண்டு நிமிடத்தில் முடிக்கவும்." செயலாளரே, அந்த அறையே பதினோரு நிமிடம் தாங்கியது. நீங்கள் கொஞ்சம் தாங்குங்கள்.

இந்த மேடையில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் இனி வருவதை நான் சொல்கிறேன். இரண்டாவது நிலையம் வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதல் நிலையத்தை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். பாரம் முழுவதையும் இரண்டாவதன் தோளில் ஏற்ற வேண்டும். தாங்குகிறதா என்று கூட நின்று பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் ஒத்திகை. விதி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, பதிவேட்டில் ஐந்து கட்டம் இருக்கிறது. மின்சாரம், இணைப்பு, காவல், குளிர்ச்சி, கடைசியாகப் பொறுப்புப் பொறியாளர்.

என் மகள் இதைச் செய்யச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது முறை மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொன்னார், "ஏம்மா, ஓடிக்கிட்டிருக்கிற வண்டியில சக்கரத்தைக் கழட்டிப் பாக்கச் சொல்றியா?"

"இல்லைங்க சார். ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாக்கச் சொல்றேன்."

"இத்தனை வருஷம் பஞ்சர் ஆகலையே."

"அதான் சார் பயமா இருக்கு."

ஒத்திகை நடந்ததா? நடக்கவில்லை. பதிவேடு நடந்தது. பதிவேடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் தன் காலால் நடந்துபோய் ஒவ்வொரு கையெழுத்தாக வாங்கிக்கொண்டு வந்தது. மின்சாரம் சரியாக இருந்ததா? கையெழுத்து இருந்தது. இணைப்பு சரியாக இருந்ததா? கையெழுத்து இருந்தது. காவலாளி கதவைத் திறந்து காட்டினாரா? கையெழுத்து இருந்தது. குளிர்ச்சி...

ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

கையெழுத்து இருந்தது.

நான்கு கட்டத்தில் நான்கு கையெழுத்து. ஐந்தாவது கட்டம் என் மகளுடையது. அவள் அதில் கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதினாள். "ஒத்திகை நடக்கவில்லை, நடந்ததாக எழுத இயலாது."

அவையோரே, அந்த வரிதான் அவளைக் குற்றவாளி ஆக்கியது. விசாரணை நாளில் நான் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவின்மேல் காற்றுக்கு விட்ட சந்து திறந்திருந்தது. கேள்வியும் கேட்டது, பதிலும் கேட்டது.

கையெழுத்துப் போட்டவர்கள் சார்பில், "ஒத்திகை நடந்ததாகவே நம்பினார்கள்" என்று சொல்லப்பட்டது. நம்பியவன் குற்றவாளி ஆவானா? ஆகமாட்டான். அடுத்து என் மகளிடம் திரும்பினார்கள்.

"ஒத்திகை நடக்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். எழுதியிருக்கேன்."

"தெரிஞ்சும் ஆறு மாசம் எப்படி டியூட்டி பாத்தே?"

"நான் பாக்கலைன்னா வேற யாரு சார் பாத்திருப்பா?"

"அப்போ குறை இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்."

"தெரிஞ்சதைச் சொன்ன ஒரே ஆள் சார்."

அந்தப் பதிலுக்குப் பெயர் ஆணவம் என்று அறிக்கையில் எழுதினார்கள். தெரியாதவன் தப்பித்தான், தெரியாததுபோல் இருந்தவன் தப்பித்தான், தெரிந்து எழுதியவள் மாட்டிக்கொண்டாள். இதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்டார்கள். அது இப்போது வேண்டாம்.

எய்தவன் எங்கோ இருக்கிறான். அவனைப் பிடிக்க நம்மால் ஆகாது. ஆனால் நாம் எதைக்கொண்டு நம்மைக் காத்துக்கொள்கிறோம்? மதில் என்று எழுதினால் மதிலாகிவிடுமா? மாற்று என்று எழுதினால் மாற்றாகிவிடுமா? அடுத்த தாக்குதல் வரும். இதைவிடப் பெரிதாக வரும். வருகிறவன் நம் கோப்பைப் படித்துப் பார்த்து, "ஐயோ, நான்கு கையெழுத்து இருக்கிறதே" என்று திரும்பிப் போய்விடுவானா? அவன் முட்டுவது இயந்திரத்தின்மேல். காகிதத்தின்மேல் அல்ல.

இயக்குநர் ஐயா, புதிதாக மூன்றாவது நிலையம் கட்டப்போவதாகச் சற்றுமுன் அறிவித்தீர்கள். கூட்டம் கைதட்டியது, நானும் தட்டினேன். மூன்றல்ல, முப்பது கட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திசையில் வையுங்கள். ஒன்றுக்கு வரும் கம்பி இன்னொன்றின் குழியில் படுத்திருக்க வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் முதலாவதை நிறுத்திப் பார்க்கத் துணிவில்லாத ஊரில் முப்பதாவதும் பூட்டிய அறைதான். உங்களுக்கு வேண்டியது இன்னொரு கட்டடம் இல்லை ஐயா. "நடக்கவில்லை" என்று எழுதுகிற இன்னொரு கை. அப்படி ஒரு கை உங்களிடம் இருந்தது. அதைத்தான் திங்கட்கிழமை வெட்டப்போகிறீர்கள்.

என் மகள் என்பதற்காகக் கேட்கவில்லை. சரி, பொய் சொல்லக்கூடாது, என் மகள் என்பதற்காகத்தான் கேட்கிறேன். ஆனால் அவள் எவன் மகளாக இருந்தாலும் இதையே கேட்டிருக்க வேண்டும். ஆணையில் பேனாவை வைக்குமுன் அந்தப் பதிவேட்டை வரவழையுங்கள். உதவியாளரைப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே உங்கள் குரலில் அந்த ஒரு வரியை வாய்விட்டுப் படியுங்கள். படித்த பிறகும் கை ஓடினால் கையெழுத்துப் போடுங்கள். நம் ஊரில் கையெழுத்துக்கா பஞ்சம்?

வீட்டுக்குப் போனதும் எல்லோரும் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மனைவியின் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன், இதோ. அழைத்த சங்கத்தாருக்கும், பொறுத்த தலைவருக்கும், பொறுக்க முடியாமலும் எழுந்து போகாத இயக்குநருக்கும், விசிறி தந்த தையல்காரருக்கும், வீங்கிய காலோடு வந்த வாத்தியாருக்கும், கேட்ட உங்கள் காதுகளுக்கும் நன்றி சொல்லி, போகிற வழியெல்லாம் உங்கள் பெயர் சொன்னால் கதவு திறக்க வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.

மேடையில் பேசியது இவ்வளவுதான். கை ரொம்ப நேரம் தட்டினார்கள். இயக்குநர்கூட எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுதிக்கொண்டு போன தாளில் தண்ணீர் கேட்ட இடத்துக்கு எதிரே இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றைப் படிக்காமல் மடித்துவிட்டேன்.

நான் ஏ.சி. மெக்கானிக். அந்த இரண்டாவது நிலையத்தின் குளிரூட்டும் வேலை எங்கள் ஒப்பந்தக்காரரின் கையில் இருந்தது. பதிவேடு வந்த அன்று நான் வேறோர் இடத்தில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். "எல்லாரும் போட்டாச்சுண்ணே, நீங்கதான் பாக்கி" என்று கீழிருந்து நீட்டினார்கள். குனிந்து போட்டேன். அந்த அறைக்குப் போய் நான்கு மாதமாகியிருந்தது. தாக்குதல் நாளில் என் மகள் விசிறிக்குத் தையல்கடைக்கு ஓடினாள். என்னைக் கூப்பிடவில்லை.

விசாரணையில் அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி, நாலாவது கட்டத்தில் பெயர் எழுதாமல் போட்டிருக்கும் கையெழுத்து யாருடையது என்பது. "தெரியாது சார்" என்றாள். பத்து வருடம் அவளுடைய மதிப்பெண் அட்டைகளில் நான் போட்ட அதே கையெழுத்து.